உதவித்தொகை, டி.சி. மீட்டிங், தூக்கம்: ஆய்வு மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆய்வு மாணவர்களின் மனநலம் என்று பேச்சு வந்தால் நம் கல்வி நிறுவனங்கள் உடனே ஏற்பாடு செய்வது ஒரு யோகா நாள், ஒரு ஊக்கச் சொற்பொழிவு. இரண்டும் நல்லவைதான். ஆனால் நான்கு மாதமாக உதவித்தொகை வராமல், மெஸ் பாக்கியையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சுப்பயிற்சி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களின் உளைச்சலில் பெரும்பங்கு ஆய்வு கடினம் என்பதால் வருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கையெழுத்தாகாத படிவம், தள்ளிக்கொண்டே போகும் ஆய்வு ஆலோசனைக் குழு (டி.சி.) கூட்டம், ஓய்வுபெறப் போகும் நெறியாளர், முடித்தபின் என்ன வேலை என்று யாரும் வாய்திறக்காதது ஆகியவைதான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் விதிகள் இருக்கின்றன, தேதிகள் இருக்கின்றன, போய்க் கேட்க வேண்டிய மேசைகள் இருக்கின்றன. சேரும் நாளில் எவரும் அவற்றைச் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

பணம்

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவருக்கு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொகை, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்தாண்டுகள். இதோடு வீட்டு வாடகைப் படி உண்டு. கன்டின்ஜென்சி எனப்படும் செலவினத் தொகை, கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000.

இந்தப் பணம் தானாக வந்து சேராது. மாதாமாதம் நீங்கள் ஆய்வில் இருந்தீர்கள் என்று நெறியாளரும் துறைத்தலைவரும் கையெழுத்திட்ட தாள் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே 'மேக்கர்' பொறுப்பில் இருப்பவர் இணையதளத்தில் பதிவு செய்வார். 'செக்கர்' பொறுப்பில் இருப்பவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவார். இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலோ, இடமாற்றமாகி வந்தவருக்கு லாகின் கிடைக்காமல் இருந்தாலோ அந்த மாதம் தவறிவிடும். டெல்லியில் பணம் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, தாமதம் உங்கள் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியிலேயே இருக்கும். அதனால் தொகை வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் மாதாந்திர உறுதிப்படுத்தல் எந்த மாதம் வரை செக்கர் ஒப்புதல் பெற்றிருக்கிறது? இந்தக் கேள்வியை இப்படியே கேட்டால், 'மேலிடத்திலிருந்து வரவில்லை' என்ற பொதுப் பதிலைச் சொல்லி யாரும் அனுப்பிவிட முடியாது.

நம் ஊரில் இன்னொரு பெரிய சிக்கல் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், நெட் சான்றிதழில் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். நடுவில் புதிய வங்கிக் கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைத்தால், ஆதார் வழியாக வரும் பணம் அந்தக் கணக்குக்குத் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பணம் வரவில்லை என்று அலைந்தவருக்கு, மறந்துபோன ஒரு கணக்கில் அது பத்திரமாகக் கிடந்ததும் உண்டு.

ஜே.ஆர்.எப். இலிருந்து எஸ்.ஆர்.எப். ஆவதும் தானாக நடக்காது. இரண்டு ஆண்டு முடிந்ததும் நெறியாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு பாட வல்லுநர் என மூவர் குழு உங்கள் வேலையை மதிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். வெளி வல்லுநரின் தேதி கிடைப்பதில்தான் பலருக்கும் மாதங்கள் நழுவுகின்றன. இருபத்திரண்டாம் மாதத்திலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். அதுவரை செய்த வேலையை ஐந்தாறு பக்க அறிக்கையாக எழுதி வைத்திருந்தால் கூட்டம் அரை மணி நேரத்தில் முடியும்.

வாடகைப் படியில் ஒரு நுணுக்கம் உண்டு. நிறுவனம் விடுதி அறை கொடுக்க முன்வந்து நீங்கள் வேண்டாம் என்றால் வாடகைப் படி கேட்க முடியாது. விடுதியில் தங்கினால் அறைக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும். மெஸ், மின்சாரம், தண்ணீருக்குக் கிடைக்காது. விடுதியில் இடம் இல்லை என்றால், இடம் இல்லை என்பதை வார்டனிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டே வெளியே அறை பாருங்கள்.

ஒரு பேராசிரியரின் திட்ட நிதியில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. திட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. ஆய்வு பெரும்பாலும் ஐந்து ஆண்டு. மீதி இரண்டு ஆண்டு எதில் வாழ்வது என்பதைச் சேரும்போதே நெறியாளரிடம் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. திட்டத்தின் முடிவுத் தேதி, இதுவரை எத்தனை மாதம் கழிந்திருக்கிறது, நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பாரா என்ற மூன்றையும் நல்ல நெறியாளர் தயங்காமல் சொல்வார்.

எந்த உதவித்தொகையும் இல்லாமல் சேர்ந்தவர்கள்தான் தமிழ்நாட்டில் மிக அதிகம். அவர்களுக்கு மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முழுநேர ஆய்வில் இருந்தால் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் நெட் இல்லாதவருக்கு மாதம் 8,000 ரூபாய் உண்டு. பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த 8,000 ஏறவே இல்லை. இதில் வாழச் சொல்வது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். முதுகலையில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்ற அறிவியல் மாணவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் ஆய்வு உதவித்தொகையை மறக்கக் கூடாது. ரேங்க் சான்றிதழ் கையில் இருந்தும் கேள்விப்படாமலேயே விண்ணப்பிக்கத் தவறியவர்கள் நிறையப் பேர்.

எந்த வகையாக இருந்தாலும், மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலாண்டிலேயே ஒதுக்கி வைப்பதைவிடப் பெரிய மனநலத் திட்டம் வேறில்லை. தொகை மொத்தமாக வரும்போது பழைய கடனை அடைத்ததும் மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். தாமதம் மறுபடியும் வரும்.

குழுவும் கைடும்

யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறையை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். சில பக்கங்கள்தான். அதன்படி கோர்ஸ் ஒர்க் எனப்படும் தொடக்கப் பாடப்படிப்பு குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, ஆக எட்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக மொத்த ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். திருமணம் முதலான காரணங்களால் ஊர் மாற நேரும் பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவோடு வேறு நிறுவனத்துக்கு மாறவும் விதி இடம் கொடுக்கிறது. அந்த ஆய்வு, பழைய நிறுவனம் வெளிநிதி பெற்ற திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. பழைய நெறியாளருக்கு உரிய இடம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் மட்டும் உண்டு. இது தெரியாமல் கல்யாணத்தோடு ஆய்வையே விட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது மிகவும் வருத்தமான விஷயம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கணக்குப் போடுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. மூன்றரை ஆண்டு இருக்கும்போது சேர்ந்தால் விதிப்படி சரிதான். ஆனால் உங்கள் கடைசி அத்தியாயங்களை எழுதும் காலத்தில் அவருக்கு அறையே இருக்காது. அப்படிச் சேர்வதென்றால் முதலாண்டிலேயே துறைக்குள் ஒரு இணை நெறியாளரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சேருமுன், நீங்கள் நினைத்திருக்கும் நெறியாளரிடம் இப்போது ஆய்வு செய்பவர்கள் இருவரிடம் தனியாகப் பேசுங்கள். 'நல்லவரா?' என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். 'அத்தியாயம் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தித் தருவார்? கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது? ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வாரா? வீட்டு வேலை சொல்வாரா?' என்று கேளுங்கள்.

ஆய்வு ஆலோசனைக் குழு, பல இடங்களில் டி.சி. என்று சொல்வது, உங்களுக்கான பாதுகாப்பு. பெரும்பாலானவர்கள் அதைத் தேர்வு மாதிரி நினைத்துப் பயப்படுகிறார்கள். விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் அக்குழு முன் வேலையைக் காட்ட வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் குழு காரணங்களை எழுத்தில் பதிந்து, சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். பதிவை ரத்து செய்யப் பரிந்துரைப்பதானாலும் குறிப்பான காரணம் வேண்டும். ஆறு கூட்டக் குறிப்புகளில் 'திருப்தி' என்று எழுதியிருக்கும் ஒருவரை ஏழாவது ஆண்டில் 'இவர் ஒன்றும் செய்யவில்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூட்டமே நடக்காமல் கையெழுத்து மட்டும் சுற்றி வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கூட்டத்துக்குப் போகும் விதம் இப்படி இருக்கட்டும். பத்து நாள் முன்னால் மூன்று பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: போன கூட்டத்தில் என்ன சொன்னார்கள், அதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன். கருவி பழுதென்றால் எந்தத் தேதியிலிருந்து பழுது என்று எழுதுங்கள். களப்பணிக்கு அனுமதி வரவில்லை என்றால் விண்ணப்பித்த தேதியை எழுதுங்கள். குழுவிடம் ஒரு முடிவைக் கேளுங்கள். 'மாதிரி எண்ணிக்கை 200 போதுமா?' என்பது போல ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக. கூட்டம் முடிந்த அன்று மாலையே 'இன்று முடிவானவை' என்று நாலு வரி எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வராமல் இருக்க இது ஒன்றே வழி.

நெறியாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பிரச்சினையைப் பிரித்துப் பாருங்கள். திருத்தம் தாமதமாவது ஒரு வகை. அதற்கு 'அத்தியாயம் இரண்டை இந்த மாதம் 5ஆம் தேதி கொடுத்தேன், 25ஆம் தேதிக்குள் கருத்து கிடைத்தால் அடுத்ததைத் தொடங்குவேன்' என்று எழுதுவதே பல நேரம் போதும். ஆய்வுத் திசையில் கருத்து வேறுபாடு என்றால் குழு உறுப்பினரிடம் பேசலாம். அவமானப்படுத்துவது, சொந்த வேலை வாங்குவது, பணம் கேட்பது, உங்கள் தரவை வேறொருவர் பெயரில் போடுவது இவையெல்லாம் வேறு வகை. இவற்றைப் பொறுத்துப் போகும்படி யாரும் உங்களுக்கு அறிவுரை சொல்ல அனுமதிக்காதீர்கள்.

2023 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி. மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தருவது அதன் கடமை. முடிவு ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் 15 நாட்களுக்குள் ஓம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் தீர்க்க முயல வேண்டும். அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதும் இந்த விதியின்கீழ் புகாருக்கு உரியதுதான். பாலியல் தொந்தரவு என்றால் போக வேண்டிய இடம் உள் புகார்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கில் அக்குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும், அதில் ஒருவர் ஆய்வு மாணவர். எந்தப் புகாரானாலும் தேதி, இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்த குறிப்புதான் பலம். அதைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் வைக்காதீர்கள். சொந்த மின்னஞ்சலில் வையுங்கள்.

ஆய்வுக் கட்டுரைக்காக ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஒழுங்குமுறையில் தீசிஸ் (ஆய்வேடு) சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன; உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லிவந்த யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. இந்த இடைவெளியில் 'மூன்று நாளில் பிரசுரம்' என்று வாட்ஸாப்பில் வரும் இதழ்களுக்குப் பணம் கட்டினால், காசோடு பெயரும் போகும். ஒரு இதழ் நம்பகமானதா என்று அறிய அதன் ஆசிரியர் குழுவில் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதே எளிய சோதனை. தங்கள் பெயர் அதில் இருப்பதே தெரியாதவர்கள் பதில் எழுதுவார்கள். தீசிஸில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. 40க்குள் என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பயந்துகொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் மாற்றிச் சிதைப்பவர்கள் இருக்கிறார்கள். மேற்கோளை மேற்கோள் குறிக்குள் போட்டு, எடுத்த இடத்தைச் சொன்னால் போதும்.

உடம்பும் மனசும்

2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் கேட்டு எடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். 41 சதவீதத்தினருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றமும், 39 சதவீதத்தினருக்கு அதே அளவில் மனச்சோர்வும் இருந்தன. விருப்பப்பட்டுப் பதில் சொன்னவர்களிடம் எடுத்தது என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் நெறியாளரிடமிருந்து உண்மையான வழிகாட்டல் கிடைப்பதாகச் சொன்னவர்களிடம் இந்தத் துன்பம் குறைவாக இருந்தது என்பதை நம் துறைகள் கவனிக்க வேண்டும்.

சோம்பலையும் மனச்சோர்வையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது, விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வது, பசி மாறுவது, நெறியாளரின் அழைப்பைப் பார்த்தாலே கை நடுங்குவது, கோப்பைத் திறக்கவே முடியாமல் நாட்கள் போவது ஆகியவை சிகிச்சைக்கு உரிய அறிகுறிகள். 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்று சொல்வதால் இவை போகாது. இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே, கட்டணமில்லாமல், எந்நேரமும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் அங்கேயே கிடைக்கும். மருத்துவக் கல்லூரி உள்ள ஊரென்றால் அதன் மனநலத் துறைப் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலோ தலைவலியோ வந்து நிறுத்திவிடுபவர்கள் அதிகம். மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றியவுடன் நிறுத்துவதும் அதே தவறுதான்.

'கவுன்சலரிடம் போனால் கைடுக்குத் தெரிந்துவிடும்' என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்துக்கு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. முதல் சந்திப்பிலேயே 'நான் சொல்வது யார் யாருக்குப் போகும்? குறிப்பேடு எங்கே இருக்கும்?' என்று கேட்டுவிடுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வளாகத்துக்கு வெளியே பாருங்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலின்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். வேறு பாடம் நடத்தும் ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகப் பெயர்ப்பலகை மாட்டிவிடுவது அதற்கு ஈடாகாது. உங்கள் நிறுவனத்தில் ஆலோசகர் இல்லை என்றால் ஆய்வாளர் சங்கம் சார்பில் இதைச் சுட்டி எழுதிக் கேளுங்கள்.

விடுப்பு எடுக்க உரிமை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. யு.ஜி.சி. உதவித்தொகை பெறுபவர் பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு எடுக்கலாம். மாணவர்களுக்கான கோடை விடுமுறை உங்களுக்குக் கிடையாது, ஆனால் இந்த 30 நாள் உண்டு. பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகக் கூச்சப்படத் தேவையில்லை.

ஒரே ஆய்வகத்தில், ஒரே விடுதி மாடியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியது நிறைய. மூன்று நாள் ஒருவர் மெஸ்ஸுக்கு வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுப்பது, மருத்துவமனைக்குக் கூடப் போவது, படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவது போன்ற கைவேலைகள்தான் அந்த நேரத்துக்குத் தேவை. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதுபவர்களுக்கு வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது நல்ல பலன் தரும். முதல் 90 நிமிடம் பேச்சே இல்லாமல் எழுதுவது, கடைசி அரை மணி ஒருவர் எழுதியதில் ஒரு பத்தியை மற்றவர்கள் படித்துத் திருத்துவது. முதலில் தமிழிலேயே வாதத்தை எழுதிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போவது கேவலமான வழியல்ல. வாதம் தெளிவாக இருந்தால் மொழியைப் பிறகு செப்பனிடலாம்.

வேலை

தீசிஸ் கொடுத்தபிறகு வேலை தேடலாம் என்பதுதான் மிகப் பெரிய விலை கொடுக்க வைக்கும் முடிவு. காரணம், உதவித்தொகை பொதுவாகத் தீசிஸ் சமர்ப்பிப்பதோடு நின்றுவிடும். மதிப்பீட்டை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதி சொன்னாலும், தேர்வாளர் அறிக்கை வராமல் அது நீள்வதைப் பார்க்கிறோம். வைவா (வாய்மொழித் தேர்வு) முடியாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் பல வேலைகளுக்கு விண்ணப்பிக்க முடியாது, கையில் பணமும் இல்லை. இந்த இடைவெளிக்கான ஏற்பாட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்வை ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துவிடுங்கள். கோர்ஸ் ஒர்க் சமயத்தில் பாடம் முழுதும் மனதில் இருக்கும். ஐந்தாம் ஆண்டில் உங்கள் தலைப்பைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்காது. யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அதே வகுப்பில் நின்று அதே பாடம் நடத்தும் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000. நிரந்தரப் பணிக்கான ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் கணிக்க முடியவில்லை. அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள் என்று சொல்வது அந்த வேலையைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. ஒரு கதவு முன்னால் பத்தாண்டு நின்றவர்கள் நம்மிடையே இருப்பதால்தான்.

2022 ஒழுங்குமுறை ஆய்வாளர்களுக்கு வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வகப் பணி தரலாம் என்கிறது. அதைச் சுமையாகப் பார்க்காமல் கேட்டு வாங்குங்கள், செய்ததற்குத் துறைத்தலைவரிடம் சான்றும் வாங்குங்கள். எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்த செமஸ்டர் என்று அதில் இருக்க வேண்டும்.

கல்லூரிக்கு வெளியே இருக்கும் வழிகளை நம் துறைகளில் யாரும் பேசுவதே இல்லை. அறிவியல், பொறியியல் பட்டம் பெற்றவர்கள் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். இரண்டு எழுத்துத் தாள், ஒரு நேர்காணல். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 வேண்டும். வேதியியல், மருந்தியல், உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். மருந்து நிறுவனங்களில் ஒழுங்குமுறை ஆவணங்கள் தயாரிக்கும் பணி, ஆய்விதழ்களுக்கான மொழித் திருத்தப் பணி, புள்ளியியல் தெரிந்த சமூக அறிவியலாளருக்குக் களஆய்வு நிறுவனங்களில் பணி, வரலாறு, கல்வெட்டியல் படித்தவருக்குத் தொல்லியல் துறைப் பணி என்று கதவுகள் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது பன்னிரண்டு பக்கத் தன்விவரத்தை அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம் போதும். கலந்துகொண்ட கருத்தரங்குகளின் பட்டியலை அங்கே யாரும் படிப்பதில்லை. 'நானூறு வீடுகளில் நேர்காணல் நடத்தித் தரவைச் சுத்தம் செய்து ஆய்ந்தேன்' என்று செய்ததைச் சொல்லும் வரிதான் படிக்கப்படும்.

வெளிநாட்டு அனுபவம் வேண்டுவோருக்குப் படிக்கும்போதே ஃபுல்பிரைட் நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை உண்டு. ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் இருக்கலாம். விண்ணப்பிக்கும்போது இங்கே பதிவு செய்து சுமார் ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஜெர்மனிக்கு டாட் (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற சேவை) அமைப்பின் குறுகியகால உதவிகள் இருக்கின்றன. முடித்தபின் இந்தியாவிலேயே முதுமுனைவர் ஆய்வுக்கு ஏ.என்.ஆர்.எப். எனப்படும் தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பின் தேசிய உதவித்தொகை இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். வயது 35க்குள், பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. தீசிஸ் சமர்ப்பித்தவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் வைவா இடைவெளிக்கு இது நல்ல விடை. அழைக்கும் ஆய்வகத்தைத் தேடி எழுதும் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்கட்டும்: அந்த ஆய்வகத் தலைவரின் எந்த ஆய்வைப் படித்தீர்கள், உங்களிடம் இருக்கும் எந்தத் திறன் அதற்கு உதவும், எந்த நிதியில் வர நினைக்கிறீர்கள், எப்போது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒரு பதிலும் வராது. பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

கடைசியாக வைவா. தேர்வாளருக்கு அறை, வண்டி, சால்வை, எல்லோருக்கும் மதியச் சாப்பாடு என்று ஆய்வாளரின் தலையில் விழும் செலவு நம் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. தேர்வாளரின் பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் தர வேண்டியவை. அதற்காகத்தான் உங்களிடம் தீசிஸ் கட்டணம் வாங்குகிறார்கள். கடன் வாங்கிச் சாப்பாடு போடும் நிலையில் நீங்கள் இருந்தால் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தேநீரோடு முடிக்கலாம். துறைத்தலைவர்களே இதைப் படித்தால், அந்தப் பேச்சை மாணவர் எடுக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அறிவித்துவிடுங்கள்.

வைவா முடிந்த வாரத்திலேயே தற்காலிகச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இந்தப் பட்டம் யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி வழங்கப்பட்டது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். நேர்காணல்களில் முதலில் தேடுவது அதைத்தான். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். நோ டியூஸ் (பாக்கி இல்லை) படிவத்தில் நூலகம், விடுதி, ஆய்வகம் மூன்றின் முத்திரையும் வாங்கிய பிறகே அறையைக் காலி செய்யுங்கள். ஊருக்குப் போய்விட்டால் ஒரு முத்திரைக்காகத் திரும்ப வர ஒரு நாளும் பஸ் காசும் போகும்.